‘உங்க பேரு இருந்தா போதும் டாக்டர்!’ – பயோடெக் கம்பெனி போர்டில் சேரலாமா?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

அரசு மருத்துவக் கல்லூரியில் பேத்தாலஜி பேராசிரியராக இருந்து மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவர் இந்த வாசகர். ரத்தப் பரிசோதனை மூலம் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறியும் கிட் ஒன்றை உருவாக்கிவரும் பயோடெக் பிரைவேட் லிமிடெட் கம்பெனி, தன் போர்டில் ‘இண்டிபென்டன்ட் டைரக்டர்’ எனும் சுயேச்சை இயக்குநராகச் சேரும்படி அவரை அழைத்திருக்கிறது. சம்பளம் இல்லை. வருடத்துக்கு இரண்டே மீட்டிங், அதுவும் வீடியோவில். பதிலுக்கு அரை சதவீதப் பங்கை ஸ்டாக் ஆப்ஷனாக (பின்னாளில் குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமையாக) தருவதாகச் சொல்கிறார்கள்.

எம்.டி., அதாவது நிர்வாக இயக்குநர், ஓர் இளைஞர்; மருந்து விற்பனைத் துறையில் இருந்து வந்தவர். அவருடைய மனைவி இன்னொரு இயக்குநர். ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரும், பொதுத்துறை வங்கியில் பொது மேலாளராக இருந்த ஒருவரும் போர்டில் இருக்கிறார்கள். தலைமை விஞ்ஞானியாக இருந்த பெண்மணி நான்கு மாதங்களுக்கு முன் ‘சொந்தக் காரணங்களால்’ விலகிவிட்டாராம். வாசகர் பான், ஆதார் நகல்களைக் கொடுத்துவிட்டார். டிஜிட்டல் கையெழுத்துக்கான வீடியோ பதிவும் முடிந்துவிட்டது. இதற்குள் அவர் படம் போட்ட பங்கு விற்பனைப் பிரசுரம் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. மைத்துனரும் சில மாணவர்களும் பணம் போடத் தயாராக இருக்கிறார்கள். தானும் ரூ.10 லட்சம் போடலாமா என்று யோசிக்கிறார்.

“இவ்வளவு பெரிய மனிதர்கள் இருக்கும் போர்டு தவறாகப் போகுமா? நான் சம்பளம் வாங்கப்போவதில்லை, அன்றாட நிர்வாகத்திலும் இல்லை. எனக்கென்ன பொறுப்பு வந்துவிடப் போகிறது? சரிப்படவில்லை என்றால் ராஜினாமா செய்துவிடலாம் அல்லவா?” என்று கேட்கிறார்.

ஆலோசனை

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன் இன்றே ஒன்றைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே அந்தக் கம்பெனியின் இயக்குநர் ஆகிவிட்டீர்களா? கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. தளத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டால் இயக்குநர்களின் பெயர், அடையாள எண், சேர்ந்த தேதி எல்லாம் வரும். முறைப்படி நீங்கள் டிஐஆர்-2 என்ற சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும், போர்டு தீர்மானம் போட்டிருக்க வேண்டும், 30 நாளுக்குள் அதைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவம் தாக்கல் ஆகியிருக்க வேண்டும். நீட்டிய காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தால், அதில் டிஐஆர்-2 இருந்ததா என்பது உங்களுக்கே நினைவிருக்காது.

அடுத்தது அந்த டிஜிட்டல் கையெழுத்து. பென் டிரைவ் போல இருக்கும் யூ.எஸ்.பி. டோக்கன் இப்போது யாரிடம் இருக்கிறது? பின் நம்பரை ஒரு துண்டு ஸ்டிக்கரில் எழுதி டோக்கன் மேலேயே ஒட்டி, ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில் போட்டுவைக்கும் பழக்கம் ஊரெங்கும் உண்டு. அந்த டோக்கனால் போடும் கையெழுத்து சட்டத்தின் பார்வையில் நீங்கள் பேனாவால் போட்ட கையெழுத்துதான். அதைப் பத்திரமாக வைத்திருக்கும் கடமையையும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உங்கள் மேல்தான் சுமத்துகிறது. கூரியரில் வரவழைத்து, பின் நம்பரை மாற்றி, வீட்டு பீரோவில் வையுங்கள். தர மறுத்தால் சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதி ரத்து செய்யச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கடிதம். இரண்டு பக்கக் கடிதத்தில் ஒரே வரியில் நீங்கள் கடந்துபோன விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: தலைமை விஞ்ஞானி விலகிவிட்டார். விற்கப்போகும் பொருளே விஞ்ஞானமாக இருக்கும் கம்பெனியில் அதை அறிந்த ஒரே ஆள் போய்விட்டார். அந்த இடத்துக்கு இன்னொரு முழுநேர விஞ்ஞானியைத் தேடாமல், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் பெயரைத் தேடுகிறார்கள். அவர் போனதற்கு நியாயமான குடும்பக் காரணம் இருக்கலாம். அதை அவர் வாயால் கேட்காமல் நீங்கள் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது.

பெயர்கள் இருக்கின்றன, வேலை தெரிந்தவர் இருக்கிறாரா?

பெரிய மனிதர்கள் இருக்கும் போர்டு தவறாகப் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கம்பெனியைப் போலவே ரத்தப் பரிசோதனையை நம்பி எழுந்த அமெரிக்காவின் தெரனாஸைப் பாருங்கள். எலிசபெத் ஹோம்ஸ் 2003-ல் தன் 19 வயதில் தொடங்கிய கம்பெனி அது. விரல் நுனியில் எடுக்கும் சில துளி ரத்தத்தில் ஏராளமான பரிசோதனைகளைச் செய்ய முடியும் என்றார்கள். அதன் போர்டில் இருந்தவர்கள் முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் ஜார்ஜ் ஷுல்ட்ஸ், ஹென்றி கிஸ்ஸிஞ்சர், முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரி, முன்னாள் செனட்டர் சாம் நன், கடற்படைத் தளபதியாக இருந்த கேரி ரஃப்ஹெட், ராணுவ ஜெனரல் ஜேம்ஸ் மாட்டிஸ், வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் தலைவராக இருந்த ரிச்சர்ட் கோவசெவிச். மருத்துவம் அறிந்தவர்களும் இருந்தார்கள்: செனட்டராக இருந்த இதய அறுவை நிபுணர் பில் ஃபிரிஸ்ட், நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யை நடத்திய வில்லியம் ஃபேகி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தையோ நோயறியும் கருவியையோ தன் தொழிலாகக் கொண்டிருந்தவர் அந்தப் பட்டியலில் இல்லை.

கருவி சரியாக வேலை செய்யவில்லை என்பது 2015 அக்டோபரில் பத்திரிகையில் வெளியானது. 70 கோடி டாலருக்கு மேல் முதலீட்டாளர் பணத்தை ஏமாற்றித் திரட்டியதாக 2018 மார்ச்சில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வழக்குப் போட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கம்பெனி கலைக்கப்பட்டது. ஹோம்ஸுக்கு 2022 நவம்பரில் 11 ஆண்டு 3 மாதச் சிறைத் தண்டனை. போர்டில் இருந்த அந்தப் பெரியவர்கள் மேல் குற்றவழக்கு எதுவும் இல்லை. அவர்களை மோசடிக்காரர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஷுல்ட்ஸின் சொந்தப் பேரன் அந்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து, அங்கே நடப்பது சரியில்லை என்று தாத்தாவிடமே சொல்லியும் தாத்தா அப்போது நம்பவில்லை. நாட்டையே நிர்வகித்த அனுபவம் இருந்தும், ஒரு குவாலிட்டி கன்ட்ரோல் அறிக்கையைப் பார்த்து ‘இந்த எண் எப்படி வந்தது?’ என்று கேட்கும் படிப்பு அவருக்கு இல்லை.

நம் நாட்டின் சத்யம் கம்பெனி பயோடெக் அல்ல, ஐ.டி. கம்பெனி என்றாலும், 2008 டிசம்பரில் அதன் போர்டில் முன்னாள் கேபினட் செயலர், ஹார்வர்ட் பேராசிரியர், ஐ.எஸ்.பி. என்ற மேலாண்மைக் கல்லூரியின் முதல்வர் எல்லோரும் இருந்தார்கள். புரமோட்டர் (கம்பெனியைத் தொடங்கியவர்) குடும்பத்தின் மேட்டாஸ் கம்பெனிகளை வாங்கும் தீர்மானத்துக்கு அந்த போர்டுதான் ஒப்புதல் கொடுத்தது. மூன்று வாரத்தில் கணக்கு மோசடி வெளிவந்தது.

மாறாக, ரீஜெனரான் என்ற அமெரிக்கக் கம்பெனியைப் பாருங்கள். 1988-ல் நரம்பியல் மருத்துவரான லியோனார்ட் ஷ்லைஃபர் தொடங்கியது. ஆய்வுப் பொறுப்பு ஜார்ஜ் யான்கோபோலஸ் என்ற விஞ்ஞானியிடம். 1985-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் பல ஆண்டுகள் போர்டில் இருந்தார்கள். மெர்க் கம்பெனியை நடத்தி ஓய்வு பெற்ற ராய் வாகெலோஸ் 1995-ல் தலைவராக வந்தார். அவரும் மருத்துவர், ஆய்வாளர், மருந்துகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர். அப்படிப்பட்ட போர்டு இருந்தும் முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது 2008-ல்தான். தொடங்கி இருபது ஆண்டு கழித்து. நடுவில் தோற்ற மருந்துகள் உண்டு. தோற்றதைத் தோற்றது என்று சொல்லும் ஆட்கள் உள்ளே இருந்ததால் கம்பெனி பிழைத்தது என்பது என் கணிப்பு.

உங்களை அழைத்த கம்பெனியின் போர்டை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு அரசு அலுவலகங்களின் வழி தெரியும், வங்கியாளருக்குக் கடன் தெரியும், எம்.டி.க்கு விற்கத் தெரியும். கிட் வேலை செய்கிறதா என்று கேட்கத் தெரிந்தவர் யாருமில்லை. நீங்கள் சேர்ந்தால் அந்த ஒரு ஆள் நீங்கள்தான். பிறகு ஏதாவது நடந்தால், ‘எங்களுக்கு மருத்துவம் தெரியாது, பேத்தாலஜி பேராசிரியர் இருந்தாரே’ என்றுதான் மற்றவர்கள் சொல்வார்கள்.

முதல் மீட்டிங்கிலேயே கேட்க வேண்டியது

உங்களுக்குத் தெரிந்த கணக்குதான், ஆனாலும் எழுதுகிறேன். போர்டில் இதைப் போட்டுக் காட்ட உங்களைத் தவிர ஆளில்லை. பிரசுரத்தில் ‘95 சதவீதத் துல்லியம்’ என்று போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். சென்சிடிவிட்டி (நோயாளியைப் பிடிக்கும் திறன்) 95, ஸ்பெசிபிசிட்டி (நோயில்லாதவரைச் சரியாக விலக்கும் திறன்) 95 என்றே வைத்துக்கொள்வோம். அறிகுறி இல்லாத ஒரு லட்சம் பேரைப் பரிசோதிக்கிறோம். ஆயிரத்தில் ஒருவருக்கு அந்தப் புற்றுநோய் என்றால் நோயாளிகள் 100 பேர். கிட் 95 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 99,900 பேரில் 5 சதவீதம், அதாவது 4,995 பேருக்கும் ‘பாசிட்டிவ்’ வரும். பாசிட்டிவ் என்று சீட்டு வாங்கிய 5,090 பேரில் உண்மையான நோயாளி 95 பேர்; நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மற்றவர்கள் ஸ்கேனுக்கும் பயாப்சிக்கும் அலைவார்கள், தூக்கம் கெடுவார்கள். ‘95 சதவீதம்’ எந்த மாதிரிகளில், எத்தனை பேரிடம், முற்றிய புற்றுநோயிலா முதல் கட்டத்திலா என்று கேளுங்கள். முற்றிய நோயாளிகளையும் இளம் ஆரோக்கியசாலிகளையும் ஒப்பிட்டு வந்த எண், ஆரம்பக் கட்ட ஸ்கிரீனிங்குக்கு உதவாது.

அடுத்து உரிமம். 2017-ன் மருத்துவச் சாதன விதிகளின்படி புற்றுநோயைக் கண்டறியும் கிட் ‘சி’ வகுப்பில் வரும். அதைத் தயாரித்து விற்க மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ. தரும் ‘எம்.டி.-9’ படிவ உரிமம் வேண்டும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதைத் தர முடியாது. பரிசோதனைக்காக மட்டும் சிறிய அளவில் தயாரிக்க எம்.டி.-13 என்று ஒன்று உண்டு. கையில் எம்.டி.-13 மட்டும் இருக்க, பிரசுரத்தில் ‘சி.டி.எஸ்.சி.ஓ. அங்கீகாரம்’ என்று அச்சடிப்பது நடக்கிறது. எந்த எண், எந்தத் தேதி, எந்தப் படிவம் என்று காகிதத்தையே கேளுங்கள். ‘ஸ்டார்ட்அப் அங்கீகாரம்’ என்ற சான்றிதழும், பயோ பார்க்கில் இடம் இருப்பதும் கிட் வேலை செய்வதற்கு அத்தாட்சி ஆகாது.

சம்பளம் வாங்காவிட்டால் பொறுப்பு இல்லையா?

இந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள், டாக்டர். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 166-வது பிரிவு சொல்லும் கடமைகள் எல்லா இயக்குநருக்கும் பொது. உரிய கவனத்தோடும் சுயமான தீர்ப்போடும் நடக்க வேண்டும் என்கிறது அது. சம்பளம் வாங்குபவர், வாங்காதவர் என்று பிரிக்கவில்லை.

உங்களுக்குச் சாதகமாக ஒன்று உண்டு. நிர்வாகத்தில் இல்லாத, புரமோட்டர் அல்லாத இயக்குநர், தனக்குத் தெரிந்து, போர்டு நடவடிக்கை வழியாக, தன் சம்மதத்தோடு நடந்ததற்கோ, தான் கவனக்குறைவாக இருந்ததற்கோதான் பொறுப்பு என்கிறது அதே சட்டத்தின் 149(12) பிரிவு. அந்தக் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள்: கவனக்குறைவு. மீட்டிங்குக்கு வந்து, அனுப்பிய தாளைப் படிக்காமல் தலையாட்டினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். அதோடு, முழுநேர இயக்குநரோ முக்கிய நிர்வாகியோ முறைப்படி நியமிக்கப்படாத சிறிய கம்பெனியில், பொறுப்பாளி யார் என்று போர்டு குறிப்பிட்டுத் தீர்மானம் போடவில்லை என்றால், தவறுக்கு எல்லா இயக்குநர்களுமே பொறுப்பாளிகள். அந்தத் தீர்மானம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வரி பாக்கியும் சேர்ந்து வரும். பிரைவேட் கம்பெனியிடம் வருமான வரியை வசூலிக்க முடியாமல் போனால், இயக்குநர்களிடம் வசூலிக்கலாம். பாக்கி நின்றது தன் பெருங்கவனக்குறைவால் அல்ல என்று நிரூபிக்கும் பாரம் இயக்குநருடையது. ஜி.எஸ்.டி.யிலும் இப்படித்தான். கம்பெனி கொடுத்த காசோலை திரும்பினால் புகார்தாரர் எல்லா இயக்குநர் பெயரையும் சேர்ப்பது வழக்கம். அன்றாட நிர்வாகத்தில் இருந்தவர் என்று குறிப்பாகச் சொல்லாமல் இயக்குநரை இழுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-லிருந்து சொல்லிவருகிறது. ஆனால் அதைச் சொல்லி விடுபட நீங்கள் வக்கீல் வைத்து உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும்.

ராஜினாமா எழுதுவது சுலபம். கம்பெனிக்குக் கிடைத்த நாளில் அல்லது நீங்கள் குறிப்பிட்ட நாளில், எது பிந்தியதோ அன்று அமலுக்கு வரும். நீங்கள் பதவியில் இருந்த காலத்தில் நடந்ததற்கான பொறுப்பு ராஜினாமாவுக்குப் பிறகும் தொடரும். கம்பெனி டிஐஆர்-12 தாக்கல் செய்யாமல் இழுத்தால், டிஐஆர்-11 படிவத்தில் நீங்களே பதிவாளருக்குத் தெரிவிக்கலாம். ராஜினாமாவைப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: கம்பெனி தொடர்ந்து மூன்று நிதியாண்டு கணக்கோ ஆண்டறிக்கையோ தாக்கல் செய்யவில்லை என்றால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுக்குத் தகுதி இழப்பார்கள். 2017-ல் இப்படி மூன்று லட்சத்துக்கும் அதிகமான பேர் தகுதி நீக்கப்பட்டார்கள். கையெழுத்து மட்டும் போட்ட மனைவிமாரும் பெற்றோரும் அதில் ஏராளம். ஏற்கெனவே இப்படித் தவறிய கம்பெனியில் புதிதாகச் சேர்பவருக்குச் சட்டம் ஆறு மாதம் அவகாசம் தருகிறது. அதற்குள் சரிசெய்ய வைக்க வேண்டும், அல்லது வெளியேற வேண்டும்.

‘இண்டிபென்டன்ட் டைரக்டர்’ என்ற பட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பங்குச் சந்தையில் பட்டியலான லிஸ்டட் கம்பெனிகளுக்கும் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பப்ளிக் கம்பெனிகளுக்கும்தான் அது கட்டாயம். பிரைவேட் கம்பெனியில் நீங்கள் சாதாரண, நிர்வாகத்தில் இல்லாத இயக்குநர்தான். உண்மையிலேயே சுயேச்சை இயக்குநர் என்றால் அவருக்கு ஸ்டாக் ஆப்ஷன் தரவே சட்டம் அனுமதிக்காது. பட்டத்தையும் அரை சதவீதத்தையும் ஒரே மூச்சில் தருவதாகச் சொல்பவருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

மற்றவர்களின் பின்னணியை எங்கே பார்ப்பது

பிரசுரத்தில் வரும் ஒரு வரி அறிமுகத்தை ஒதுக்கி வையுங்கள். எம்.சி.ஏ. தளத்தில் ரூ.100 கட்டினால் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். ஆண்டறிக்கைப் படிவமான எம்.ஜி.டி.-7-ஐ, சிறு கம்பெனி என்றால் 7ஏ-வை எடுங்கள். அதில் எத்தனை போர்டு மீட்டிங் நடந்தது, எந்த இயக்குநர் எத்தனைக்கு வந்தார் என்ற அட்டவணை இருக்கும். ஐ.ஏ.எஸ். அதிகாரியின் பெயருக்கு நேரே என்ன எண் இருக்கிறது? வராதவரின் பின்னணி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கம்பெனிக்குப் பயனில்லை. ஒவ்வொருவரின் அடையாள எண்ணையும் தட்டிப் பாருங்கள். எத்தனை கம்பெனிகளில் இருக்கிறார்? சட்ட வரம்பு 20. அவற்றில் மூடப்பட்டவை எத்தனை?

கணக்குகள் ஏ.ஓ.சி.-4 படிவத்தோடு இருக்கும். இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, உறவினர் பரிவர்த்தனைக் குறிப்பு: எம்.டி.யின் மாமனார் கடையிலிருந்து ரீஏஜென்ட் (பரிசோதனை ரசாயனம்) வாங்குகிறார்களா, மனைவியின் கட்டடத்துக்கு வாடகை போகிறதா? இரண்டு, ‘ஒதுக்கீடு நிலுவையிலுள்ள பங்கு விண்ணப்பப் பணம்’ என்ற வரி. பணம் வாங்கி 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் 12 சதவீத வட்டி. ஆண்டுக்கணக்கில் அந்த வரியில் பணம் நின்றால் யாரோ பங்கும் இல்லாமல் பணமும் இல்லாமல் காத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆடிட்டர் நடுவில் விலகியிருந்தால் ஏ.டி.டி.-3 படிவத்தில் காரணம் எழுதியிருப்பார்.

விஞ்ஞானப் பக்கம் உங்கள் பேட்டை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் அந்த முறை பற்றிய கட்டுரை இருக்கிறதா? இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் ஆய்வு பதிவாகியிருக்கிறதா, எந்த மருத்துவமனையில், எத்தனை பேரிடம்? காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடலில் ‘விண்ணப்பம்’ என்று இருக்கிறதா, ‘வழங்கப்பட்டது’ என்று இருக்கிறதா? விண்ணப்பதாரர் கம்பெனியா, எம்.டி.யின் சொந்தப் பெயரா, வேறொரு பல்கலைக்கழகமா? கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் விலகிப்போன விஞ்ஞானியின் பெயர் மட்டும் இருந்து, கம்பெனிக்கு உரிமை எழுதிக் கொடுக்கப்படவில்லை என்றால், கம்பெனியிடம் விற்க எதுவுமே இல்லாமல் போகலாம்.

அந்த விஞ்ஞானியிடம் நேரில் பேசுங்கள். ரகசிய ஒப்பந்தம் இருக்கும்; தொழில்நுட்பம் எதையும் கேட்காதீர்கள். மூலத் தரவு யாரிடம் இருந்தது, சரியாக வராத முடிவுகளை அறிக்கையில் சேர்க்க விட்டார்களா, மறுபடி கூப்பிட்டால் போவீர்களா? இந்த மூன்று போதும். கடைசிக் கேள்விக்கு அவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதையும் பாருங்கள்.

உங்கள் படம் போட்ட பிரசுரம்

கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இது. பிரைவேட் கம்பெனி பொதுமக்களிடம் பங்கு விற்க முடியாது. தனிப்பட்ட ஒதுக்கீடு என்றால் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொருவர் பெயருக்கும் வரிசை எண்ணிட்ட, பங்கு வாங்க அழைக்கும் பி.ஏ.எஸ்.-4 கடிதம் தர வேண்டும். பணம் அவரவர் வங்கிக் கணக்கிலிருந்து தனிக் கணக்குக்கு வர வேண்டும். விளம்பரமோ ஏஜென்டோ கூடாது. நூற்றுக்கணக்கான பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் பிரசுரம் போடுவது கம்பெனிகள் சட்டத்தின் 42-வது பிரிவை மீறுவதாகவே பார்க்கப்படும். மீறினால் திரட்டிய தொகை அல்லது ரூ.2 கோடி, இதில் எது குறைவோ அதுவரை அபராதம். அது கம்பெனி, புரமோட்டர், இயக்குநர் எல்லோர் மேலும் விழலாம். வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும்.

மருத்துவர் என்ற முறையிலும் சிக்கல் உண்டு. தொழில் நிறுவனத்தின் மருந்தையோ பொருளையோ மருத்துவர் பகிரங்கமாகப் பரிந்துரைக்கக் கூடாது என்று 2002-ன் மருத்துவ நெறிமுறை விதிகளின் 6.8 பிரிவு சொல்கிறது. ‘டாக்டர் அங்கீகரித்த கிட்’ என்று உங்கள் படத்துக்குக் கீழே எழுதியிருந்தால் புகார் உங்கள் பதிவு எண் மேல்தான் வரும்.

இனி என்ன வழி

மறுப்பது ஒரு வழி; அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் அந்தக் கிட் மேல் உண்மையான ஆர்வம் தெரிகிறது. முப்பது ஆண்டுகள் ஸ்லைடு பார்த்த கண் ஒரு இளம் கம்பெனிக்குக் கிடைப்பது நல்லதுதான். அதனால் நான் சொல்வது நடுவழி: ஓராண்டுக்கு அறிவியல் ஆலோசகராக மட்டும் இருங்கள். எழுத்து ஒப்பந்தம் போடுங்கள். ஒரு அமர்வுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குங்கள். இலவச ஆலோசனைக்கு மதிப்பிருக்காது. மூலத் தரவைப் பார்க்கும் உரிமை, எழுத்து மூலம் சம்மதிக்காமல் பெயரையோ படத்தையோ பயன்படுத்தக் கூடாது என்ற ஷரத்து, 30 நாள் நோட்டீஸில் விலகும் வசதி மூன்றும் அதில் இருக்கட்டும். ஆலோசகருக்கு இயக்குநரின் சட்டக் கடமைகள் கிடையாது. ஆனால் பிரசுரத்தில் ‘அட்வைசரி போர்டு’ என்று போட்டு, படிப்பவர் அதையே இயக்குநர் குழு என்று நினைக்கும்படி விடக் கூடாது.

ஓராண்டுக்குப் பிறகு இயக்குநராகச் சேர நினைத்தால், அதற்கு முன் சில விஷயங்கள் கையில் இருக்க வேண்டும்: முந்தைய ஓராண்டின் மினிட்ஸ் (மீட்டிங் நடவடிக்கைக் குறிப்பு) நகல், பொறுப்புகளை வரையறுத்த நியமனக் கடிதம், இயக்குநர் பொறுப்புக் காப்பீடு, காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் உங்களுக்கு இல்லை என்ற தீர்மானம், வெளி ஆய்வகம் ஒன்று மாதிரிகளின் விவரம் தெரியாமல் செய்த சரிபார்ப்பு அறிக்கை. காப்பீடு மோசடிக்குச் செல்லாது. மற்றபடி வக்கீல் செலவுக்காவது உதவும்.

வருடத்துக்கு இரண்டு மீட்டிங் என்பது சிறு கம்பெனிக்கும் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்புக்கும் செல்லும். மற்ற கம்பெனிகளுக்கு நான்கு. எதுவானாலும் மீட்டிங் முடிந்து 15 நாளுக்குள் வரைவு மினிட்ஸ் வர வேண்டும்; திருத்தம் சொல்ல உங்களுக்கு 7 நாள் உண்டு. நீங்கள் எதிர்த்தது அதில் இல்லையென்றால் எதிர்க்கவில்லை என்றே ஆகும். ஆகவே ஒவ்வொரு முறையும் மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.

ரூ.10 லட்சத்தை இந்த முடிவோடு கலக்காதீர்கள். பிரைவேட் கம்பெனிப் பங்கை நினைத்தபோது விற்க முடியாது. கம்பெனியின் சங்க விதிகள் பங்கை மற்றவர் பெயருக்கு மாற்றுவதைத் தடுக்கும், வாங்க ஆளும் இருக்காது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் மூன்று ஆண்டுக் கணக்கும் பார்க்காமல் ஒரு ரூபாயும் வேண்டாம். ஓய்வூதியப் பணிக்கொடையில் இருந்து எடுப்பதாக இருந்தால், பார்த்த பிறகும் வேண்டாம் என்பேன்.

இந்த வாரமே எம்.டி.க்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘நான் இயக்குநராகச் சேர இன்னும் சம்மதிக்கவில்லை, என் பெயரும் படமும் உள்ள பிரசுரத்தை உடனே விலக்குங்கள், என் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை அனுப்பிவையுங்கள், சி.டி.எஸ்.சி.ஓ. உரிமத்தின் நகலும் கடைசி இரண்டு ஆண்டுகளின் எம்.ஜி.டி.-7-ம் வேண்டும்.’ எம்.சி.ஏ. தளத்தில் உங்கள் பெயர் ஏற்கெனவே ஏறியிருந்தால் முதல் வாக்கியத்தை எடுத்துவிட்டு, அந்த மின்னஞ்சலை அனுப்பும் முன் கம்பெனிச் சட்ட வேலைகளைக் கவனிக்கும் ஒரு கம்பெனி செக்ரட்டரியைப் பாருங்கள். டிஐஆர்-12-ல் எந்தச் சம்மதக் கடிதம் இணைக்கப்பட்டிருக்கிறது, அதில் உள்ள கையெழுத்து உங்களுடையதா என்று அவர் எடுத்துக் காட்டுவார். அதற்கேற்ப ராஜினாமாவா, பதிவாளரிடம் புகாரா என்று முடிவு செய்யலாம்.

வாட்ஸ்அப் குழுவில் நீங்களே, உங்கள் எண்ணிலிருந்தே எழுதுங்கள்: ‘இந்தக் கம்பெனியில் நான் இயக்குநர் இல்லை. இதன் பங்கை வாங்கும்படி நான் யாருக்கும் சொல்லவில்லை.’ உங்கள் பெயர் எம்.சி.ஏ. தளத்தில் ஏறியிருந்தால் இங்கும் முதல் வாக்கியத்தை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பிய மாணவர் யாராவது இருந்தால், அனுப்பிய தேதி, எந்தக் கணக்குக்கு, பி.ஏ.எஸ்.-4 கடிதம் வந்ததா என்ற மூன்றையும் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் 60 நாள் கணக்கு ஓடுகிறது. மைத்துனரிடம் போனில் அல்லாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள். உங்கள் மேல் வைத்த நம்பிக்கையில்தான் அவர் பணத்தை எடுத்து வைத்திருக்கிறார்.